மழை பெய்யும் அந்தியில் ராஜா யாரை மோந்து பார்க்கிறது?

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு, இரண்டு நாய்கள். பன்னிரண்டு வயதான மணி ஐப்பசியில் செத்துப்போனது. மிச்சம் இருப்பது ராஜா. கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர் எழுதியபடியே தருகிறேன்:

"மணி போயி ரெண்டு மாசம் ஆச்சு சார். அவன் கெடந்த சாக்க எடுத்துப் போட எனக்கு மனசு வரல்ல. படிப்புரையிலேயே கெடக்கு. ராஜா தினமும் அந்திக்கு, சோறு வைக்கிற நேரத்துக்கு, அந்தச் சாக்க மோந்து பாத்துட்டு நிக்குது. மழை பெய்தா கூடுதல் நேரம் நிக்கும். மழையில மணிக்க ஆத்மா வருதுன்னு எங்க அம்மை சொல்லுதா. சாக்கைக் கொளுத்திப் போடணும்னும் சொல்லுதா. கொளுத்தவா?"

மூன்று நாளாக இந்தக் கேள்வி மண்டைக்குள் கிடந்து உருண்டது. அம்மை சொல்வதில் பாதி சரி. மழை பெய்தால் ஏதோ ஒன்று வருவது உண்மைதான். வருவது என்ன என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளிலிருந்து கிளம்பும் மூலக்கூறுகள் மூக்குக்குள் போய், ஈரச் சவ்வில் கரைந்து, நரம்பு செல்களில் இருக்கும் ஏற்பிகளில் உட்காரும்போது மூளைக்குச் செய்தி போகிறது. அதுதான் மணம். இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு வந்தது. மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400. நாய்க்கு அதைப்போல இருமடங்கு. மோப்ப செல்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் நமக்குச் சில பத்து லட்சங்களில் சொல்லலாம், நாய்க்குக் கோடிக் கணக்கில்தான் சொல்ல வேண்டும்.

இந்த எண்களைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. பத்துப் பேர் செய்கிற வேலையை நூறு பேர் செய்தால் கூடுதலாக நடக்கும், அவ்வளவுதானே. என்னை மயக்குவது வேறு. நாய் மூச்சை உள்ளே இழுக்கும் விதத்தை விட, வெளியே விடும் விதம்.

வீட்டில் நாய் இருந்தால் இப்போதே போய் அதன் மூக்கைப் பாருங்கள். முன்னால் வட்டமாக ஒரு துளை. அந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு கீறல் வளைந்து போகும். மொத்தத்தில் ஒரு காற்புள்ளி மாதிரி இருக்கும். எத்தனையோ வருடம் நாய் வளர்த்தும் அந்த வாலை நான் கவனித்ததே இல்லை. அதற்கு ஒரு வேலை இருக்கும் என்று தோன்றவும் இல்லை.

நம் மூக்கின் சங்கடத்தை முதலில் சொல்கிறேன். குளச்சலில் சாளை வாங்கும்போது, பழசா புதுசா என்று கையில் எடுத்து மோந்து பார்க்கிறோம். உள்ளே இழுக்கிறோம், கொஞ்சம் தெரிகிறது. அப்புறம் மூச்சை விட வேண்டுமே. விட்டால், எந்த மணத்தைப் பிடிக்கப் பார்த்தோமோ அதையே நம் மூச்சு ஊதித் தள்ளிவிடும். போதாக்குறைக்கு நம் மூச்சின் வெதுவெதுப்பும் அதில் கலந்துவிடும். அடுத்த முறை இழுக்கும்போது பாதி மீனின் மணம், பாதி நம் மணம். அதனால்தான் மீனைச் சற்று விலக்கிப் பிடித்து, தலையைத் திருப்பி, மறுபடியும் மோந்து பார்க்கிறோம்.

நாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளே இழுப்பது முன் துளை வழியாக. விடும்போது மூக்கின் ஓரம் லேசாக அசைந்து அந்தக் கீறல் திறந்துகொள்ளும். மூச்சு அதன் வழியாகப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் பீறிட்டுப் போகும். முன்னால் தரையில் கிடக்கும் மணத்தை அது கலைப்பதே இல்லை.

இன்னும் கேளுங்கள். வேகமாகப் போகும் காற்று, பக்கத்தில் சும்மா நிற்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நெடுஞ்சாலை ஓரம் நிற்கும்போது பஸ் பறந்து போனால் சருகும் காகிதமும் அதன் பின்னால் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாயின் மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் பின்னோக்கிப் பாயும் மூச்சு, முன்னால் இருக்கும் காற்றை மூக்கை நோக்கி நகர வைக்கிறது. அதாவது, மூச்சை விடும்போதும் நாய்க்குப் புது மணம் வந்துகொண்டே இருக்கிறது! விநாடிக்கு ஐந்து முறை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, மணத்தைத் தன் பக்கமாகக் கறந்துகொண்டே இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸ் என்ற பொறியாளர் இதைப் படம் பிடித்துக் காட்டினார். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு விதமாக வளைக்கும். வெயிலில் தார் ரோட்டின் மேல் கானல் நெளிவது அதனால்தான். அந்த நெளிவையே படமாக்கும் ஒரு முறையைக் கொண்டு, நாயின் மூச்சு எந்தத் திசையில் போகிறது என்று கண்ணுக்குத் தெரியவைத்தார். அந்த வசதியெல்லாம் நமக்கு எதற்கு? சிமெண்ட் தரையில் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவி, நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டை வையுங்கள். நாய் தின்பதற்கு முன் மோந்து பார்க்கும் அந்த ஒரு கணத்தில் இரண்டு பக்கமும் பொடி விலகி, மீசை போல இரண்டு தடம் விழும். நான் செய்து பார்த்தேன். மீசை விழுந்தது. கருவாடு போனது. கோலப்பொடியை வீணாக்கினதற்கு வீட்டில் வசவும் கிடைத்தது.

உள்ளே போன காற்றின் கதையும் சுவாரசியமானது. நம் மூக்கில் மூச்சுக்கும் மணத்துக்கும் ஒரே வழி. நாயின் மூக்கில் வழி இரண்டாகப் பிரிகிறது. பெரும்பங்கு நேராக நுரையீரலுக்குப் போய்விடும். எட்டில் ஒரு பங்கு போல, மேலே ஒரு தனிப் பாதையில் ஏறி, மூக்கின் பின்கோடியில் சுருள் சுருளான எலும்புத் தகடுகள் அடைத்திருக்கும் ஓர் அறைக்குப் போகிறது. முட்டுச்சந்து மாதிரி. மூச்சை விடும்போது காற்று அந்த அறைக்குள் நுழைவதில்லை, கீழ்வழியாகவே வெளியேறிவிடும். ஆகவே அறைக்குள் வந்த மணத்தை யாரும் துடைத்துக்கொண்டு போவதில்லை. சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

அங்கேயும் ஒரு வரிசை உண்டு. சாக்பீஸில் மைப்புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் நிறங்கள் பிரிந்து மேலேறும் சோதனையைப் பள்ளியில் செய்திருப்போம். கிட்டத்தட்ட அதேதான். சவ்வின் ஈரத்தில் சுலபமாகக் கரையும் மூலக்கூறுகள் அறையின் வாசலிலேயே படிந்துவிடும். கரைய அடம்பிடிப்பவை பின்கோடி வரை பரவும். எது எங்கே படிந்தது என்பதும் மூளைக்கு ஒரு தகவல் என்று இதை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

"நாய் மூக்கை ஆராய்வதற்குமா அரசாங்கப் பணம்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். 2016-இல் அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனத்தில், ஒரு லாப்ரடார் நாயின் மூக்கை முப்பரிமாண அச்சில் வார்த்து, நாயைப் போலவே இழுத்து விடும்படி செய்தார்கள். அந்த யோசனையில் செய்த ஒரு முனையை, கடையில் கிடைக்கும் வெடிபொருள் கண்டறியும் கருவியில் மாட்டினார்கள். 4 செ.மீ. தொலைவில் கருவியின் திறன் 16 மடங்கு கூடியது. காற்புள்ளியின் வாலை ஒருவர் உட்கார்ந்து கவனித்ததால் வந்தது இது. நம் ராணுவமும் சளைத்ததல்ல. 2021 பிப்ரவரியில், பழக்கிய நாய்கள் சிறுநீர், வியர்வை மாதிரிகளை மோந்து கொரோனாத் தொற்றைக் கண்டுபிடிப்பதைச் செய்து காட்டியது. அதில் ஒன்று நம் சிப்பிப்பாறை. ஆனால் சிப்பிப்பாறையும் கோம்பையும் கன்னியும் நமக்கு இன்னமும் பெருமை பேசத்தான் பயன்படுகின்றன. அவற்றின் மூக்கை அளந்து பார்க்க ஒரு நல்ல ஆய்வுக்கூடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சரி, ஆதங்கம் போதும். ராஜா காத்திருக்கிறது.

சாக்குக்கு வருவோம். பன்னிரண்டு வருடம் வாழ்ந்த நாயின் தோல் எண்ணெய், உதிர்ந்த தோல் துகள், முடி, எச்சில், இவற்றைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் எல்லாம் சணல் நாரில் ஊறிக் கிடக்கின்றன. மணம் தரும் மூலக்கூறுகளில் லேசானவை சில மணி நேரத்திலேயே பறந்துவிடும். கனமானவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். தோவாளைச் சந்தையில் விடியற்காலை வாங்கிய பிச்சிப்பூ அன்று மணப்பது ஒரு விதம், மறுநாள் தலையணையில் மிஞ்சியிருப்பது வேறு விதம். நாய்க்கு இந்த வித்தியாசம் நம்மைவிடப் பல மடங்கு நுட்பமாகத் தெரியும். ஒருவர் நடந்துபோன தடத்தில் ஐந்து காலடியை மோந்து பார்த்தாலே, அவர் எந்தப் பக்கம் போனார் என்று பழக்கிய நாயால் சொல்ல முடியும் என்று பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். முதல் காலடிக்கும் ஐந்தாவதுக்கும் சில விநாடிதான் இடைவெளி. எது பழசு, எது புதுசு என்பதை மூக்கு படித்துவிடுகிறது. மணி நேற்று படுத்திருந்த சாக்குக்கும் இரண்டு மாதமாகப் படுக்காத சாக்குக்கும் உள்ள வேறுபாடு ராஜாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

மழைக்கு வருகிறேன். சணல் நார் தண்ணீரை விரும்பும் பொருள். காற்றில் ஈரம் கூடும்போது நீர் மூலக்கூறுகள் நாருக்குள் நுழைந்து, அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மண மூலக்கூறுகளின் இடத்தைப் பிடிக்கின்றன. குலசேகரத்திலிருந்து வரும் பஸ்ஸில் தக்கலையில் கூட்டம் முண்டியடித்து ஏறினால், படிக்கட்டு ஓரம் நின்றவர் தெருவில் நிற்பார் அல்லவா, அந்த மாதிரி. இடம் இழந்த மணம் காற்றுக்கு வருகிறது. ஈரம் பட்டதும் சாக்கிலிருக்கும் நுண்ணுயிர்களும் சுறுசுறுப்பாகிப் புதிதாக வேறு மணங்களைக் கிளப்புகின்றன. நனைந்த நாய் வீட்டுக்குள் வந்தால் மூக்கைப் பொத்துகிறோமே, அதற்கும் காரணம் இதுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. மணியின் சாக்கு திரும்பத் திரும்ப விழித்துக்கொள்ள இதைவிட நல்ல ஊர் எது?

ஆக, மழையில் மணி வருகிறது என்று அம்மை சொன்னது ஒரு கணக்கில் சரியான கவனிப்பு. மழைக்கும் ராஜா நிற்பதற்கும் உள்ள தொடர்பை அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். விஞ்ஞானிக்கு வேண்டிய கண் அது. ஆத்மா என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் எனக்குக் குறை. ராத்திரியில் நாய் ஊளையிட்டால் மாடன் வேட்டைக்குப் போகிறார் என்று எங்கள் வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்போம். தூரத்து நாய்க்கு இந்த நாய் பதில் சொல்கிறது என்று தெரிந்த பிறகும், எனக்கு அந்த நேரத்தில் முற்றத்துக்கு இறங்கக் கால் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ராஜாவுக்கு வருத்தம் இருக்கிறதா? 2022-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், குறைந்தது இரண்டு நாய் வளர்த்து ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரிடம் கேட்டிருந்தார்கள். மிஞ்சிய நாயின் நடத்தை மாறியது என்று 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். விளையாட்டுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆளைச் சுற்றிச் சுற்றி வந்தது. சொன்னவர்கள் நாயின் சொந்தக்காரர்கள் என்பதை மறக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு நாயும் துக்கமாகத்தான் தெரியும். மூளையையே பார்த்த ஓர் ஆய்வும் உண்டு. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸ் குழுவினர், எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கிய 12 நாய்களுக்குப் பல மணங்களைக் காட்டினார்கள். நல்லதை எதிர்பார்க்கும்போது கிளர்ச்சியடையும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்குத்தான் மிக அதிகமாகத் துலங்கியது. அந்த மனிதர் அங்கே இல்லை. மணம் மட்டும் இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் செம்பன் ஞாபகம் வந்தது. அப்பா இறந்த பிறகு அவர் கட்டி அவிழ்த்துப் போட்ட சாரத்தின் மேல்தான் அது படுத்துக் கிடந்தது. பதினாறு முடிந்ததும் அம்மா அதை எடுத்து சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். செம்பன் கொடியின் கீழே போய் அண்ணாந்து மோந்து பார்த்தது. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அன்றைக்கு அம்மா மேல் எனக்கு வந்த கோபம் எதனால் என்று அப்போது விளங்கவில்லை.

எனவே வாசகிக்கு: கொளுத்த வேண்டாம். ராஜா சோற்றைத் தொடாமல் இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சாக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் நல்ல வெயிலில் போடத்தான் வேண்டும். வெயிலில் போட்டால் மணியும் கொஞ்சம் குறையும். ஒரே நாளில் எல்லாவற்றையும் காயவைக்காமல், பாதியை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனிக்கு அது போதும்.