ஃபுளோரா: தாவரமா, தாவரத் தொகையா?

சுற்றுச்சூழல் அறிக்கைகளில் 'ஃபுளோரா, ஃபானா' என்று ஒரு பகுதி தவறாமல் வரும். தமிழில் அதைத் 'தாவரங்களும் விலங்குகளும்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். இது பாதிதான் சரி. தாவரம் என்பது பொதுப்பெயர். ஃபுளோரா என்பது ஒரு குறிப்பிட்ட நிலத்தில், அல்லது ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருக்கும் தாவர இனங்கள் மொத்தமும். அந்த இனங்களை விவரித்து எழுதிய நூலுக்கும் அதே பெயர்தான்.

சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'ஃப்ளோஸ்' என்றால் பூ. ஃப்ளோரா ரோமானியரின் பூத்தெய்வம். தெய்வத்தின் பெயர் நூல்களின் தலைப்பில் ஏறி, பிறகு பொதுச்சொல்லாகிவிட்டது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள லாப்லாந்தின் தாவரங்களைப் பற்றி 1737இல் வெளியிட்ட நூலின் பெயர் 'ஃபுளோரா லப்போனிக்கா'. சென்னை மாகாணத்துக்கும் ஒரு ஃபுளோரா உண்டு. தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கிய அந்த நூல் 1915 முதல் பகுதி பகுதியாக வந்தது. அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்தார்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் 'வெஜிடேஷன்'. அது நிலத்தை மூடியிருக்கும் பசுமையின் அமைப்பு: காடா, புல்வெளியா, புதரா என்பது. தாவரப் போர்வை எனலாம். ஒரே இன மரத்தை வரிசையாக நட்ட தோட்டத்தில் போர்வை அடர்த்தியாக இருக்கும், ஃபுளோரா ஏழையாக இருக்கும். பார்வைக்கு வறண்ட புல்வெளியில் குனிந்து எண்ணினால் கணக்கு நேர்மாறாகவும் ஆகலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். 'தாவரம்' வடமொழி 'ஸ்தாவர'த்தின் தமிழ் வடிவம். நிலையாக நிற்பது என்று பொருள். பழைய பத்திரங்களில் வரும் 'ஸ்தாவர சொத்து', அதாவது அசையாச் சொத்து, இதே சொல்தான். 'நிலைத்திணை' என்பது அதே கருத்தைத் தமிழ் வேரில் சொல்கிறது. அழகான சொல், ஆனால் தனித்தமிழ் எழுத்தைத் தாண்டி அவ்வளவாகப் புழங்கவில்லை.

பழந்தமிழில் எல்லாவற்றுக்கும் மேலான ஒரே பொதுப்பெயரைத் தேடுவதைவிட, இருந்த பகுப்பைப் பார்ப்பது சுவையானது. தொல்காப்பிய மரபியல், 'புறக்காழ் அனவே புல்' என்றும் 'அகக்காழ் அனவே மரம்' என்றும் பிரிக்கிறது. காழ் என்றால் வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி. பனையை வெட்டிப் பார்த்தால் வெளிவட்டம் இரும்பாக இருக்கும், நடுவில் நாரும் சோறுமாக மெத்தென்றிருக்கும். அதனால் பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல். புளியில் வைரம் நடுவில், ஆகவே அது மரம். விதைக்குள் இருப்பது ஓர் இலையா, இரண்டா என்று பார்க்கும் இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டுக்கு இது வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. உறுப்புப் பெயர்களையும் அந்நூல் தனித்தனியே பட்டியலிடுகிறது: புல்லுக்கு ஓலை, பாளை, ஈர்க்கு, மரத்துக்கு இலை, தளிர், அரும்பு. இன்றும் தென்னை ஓலை என்கிறோம், தென்னை இலை என்று யாரும் சொல்வதில்லை.

நிலத்தோடு சேர்த்துப் பார்க்கும் பார்வையும் அங்கே இருக்கிறது. கருப்பொருள்களை, அதாவது ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவற்றை, சொல்லும் நூற்பா, 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை' என்று போகும். மாங்காய் காய்க்கும் மரத்தைத் தேட வேண்டாம். மா என்றால் விலங்கு, மரம் தனி, புள் என்றால் பறவை. ஒவ்வொரு திணைக்கும் உரிய மரமும் விலங்கும் பறவையும் எவை என்ற கேள்வி இது. ஃபுளோரா, ஃபானா கேட்பதும் ஏறக்குறைய அதையேதான்.

அப்படியானால் எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்? 'தாவர வளம்' பரவலாக இருக்கிறது, ஆனால் வளம் என்றதும் செழிப்பு நினைவுக்கு வருகிறது. பாலைநிலத்து ஃபுளோராவுக்கு அது ஒட்டாது. என் தேர்வு 'தாவரத் தொகை'. தொகை என்றால் பணம்தானே என்பவர்கள் எட்டுத்தொகையை நினைத்துக்கொள்ளலாம். திரட்டுக்கும் திரட்டிய நூலுக்கும் ஒருசேரப் பொருந்துகிற சொல் அது. 'நீலகிரியின் தாவரத் தொகை' என்று எழுதினால் இரண்டில் எது என்பதை இடம் காட்டிவிடும்.

ஓரிடத்தில் மட்டும் இது உதவாது. மருத்துவர்கள் சொல்லும் 'குடல் ஃபுளோரா'வில் செடிகொடி எதுவும் இல்லை. பாக்டீரியாக்களைத் தாவரங்களோடு சேர்த்து வகைப்படுத்திய காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். அங்கே 'குடல் நுண்ணுயிர்த் தொகை' என்றே எழுத வேண்டும்.