பூவிலும் பழத்திலும் வைன்: பறிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்கில் சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். ஊறுகாய், சாஸ், பழச்சாறு என்று இருந்த பேச்சு கொஞ்ச காலமாக வைன் பக்கம் திரும்பியிருக்கிறது. சங்குப்பூ, ரோசெல் எனும் சிவப்புப் புளிச்சைப் பூ, பாலிக் பூலாவ் ஜாதிக்காய், கெடொண்டோங் எனும் அம்பரலங்காய், வீட்டுக்குப் பின்னால் காய்த்துக் கொட்டும் புளிப்புக் காய்கள், இதையெல்லாம் வைத்து டவுனில் ஒரு கடைவீட்டில் சின்னதாகத் தொடங்கலாமா என்று கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். நம் மண்ணில் விளைவதை வைத்துத் தொழில் செய்ய நினைப்பது நல்ல ஆசை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி மெத்தனால், அதாவது கண்ணைப் பறிக்கும் நச்சு ஆல்கஹால். "சார், இதைக் குடித்தால் கண் போய்விடுமா?" பயம் நியாயமானது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் கலப்பட மதுவைக் குடித்து முப்பது பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அது மெத்தனால் கலந்த மது. பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளிலிருந்து நொதித்தலின்போதும் கொஞ்சம் மெத்தனால் வரத்தான் செய்யும், சரியாகச் செய்த பழ வைனில் அது ஆபத்தான அளவுக்குப் போவதில்லை. காய்ச்சி வடிக்கப் போனால் கதை வேறு, அந்தப் பக்கமே போகாதீர்கள். வைனுக்கு வந்தால், நான் கவலைப்படுவது யாரும் கேட்காத விஷயத்தைப் பற்றி: அந்தப் பூ என்ன பூ, அது எங்கே நின்ற செடியில் பூத்தது?

பாயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். சங்குப்பூவில் நீலம் கிடைத்துவிட்டது, எலுமிச்சைச் சாறு விட்டதும் அழகாக ஊதாவுக்கு மாறுகிறது, அடுத்து மஞ்சள் நிறத்தில் ஒன்று வேண்டும் என்று வேலியோரம் பறித்து நிழலில் உலர்த்திய பூவைப் பொட்டலமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால் பொன்னரளி. காய்ந்து சுருங்கியிருந்தாலும் அடியில் குறுகி மேலே விரியும் அந்தக் குழல் தெரிந்தது. "கோயிலுக்குப் பறிக்கிற பூதானே தம்பி, என்ன செய்யும்?" என்றார். சிவனுக்குச் சாத்துகிற பூதான். ஆனால் அந்தச் செடி முழுக்க இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு இருக்கிறது. அரளிக் கொட்டையை அரைத்துக் குடித்தவர்களின் கதை நம் ஊர்களில் தெரியாதவர் இல்லை, அதே மரம்தான் இது. காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தண்ணீரில் இறங்காததைக்கூட ஆல்கஹால் இழுத்துக் கொடுத்துவிடும். செவ்வரளி, ஊமத்தை, வீட்டு வாசலில் படரும் மஞ்சள் அலமண்டா, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்: வேண்டாம். சாமிக்குப் போடுகிற பூ எல்லாம் வாயில் போடுகிற பூ இல்லை.

நல்ல பூவாகவே இருந்தாலும் அது நின்ற இடத்தைக் கேளுங்கள். டிங்கிக் கொசுவுக்காகத் தாமான் எனும் குடியிருப்பு முழுக்கப் புகையடிக்கிறார்கள், அந்தப் பூச்சிமருந்து வேலியோரச் செடியிலும்தான் படிகிறது. ரயில் பாதையோரமும் வடிகால் ஓரமும் களைக்கொல்லி அடிக்கிற இடங்கள். லெபோ பாசாரிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பூமாலைக் கடையில் மிஞ்சும் ரோஜாவை மலிவாக வாங்கிப் போடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அது மாலைக்காக வளர்த்த பூ, சாப்பிடுவதற்கான மருந்துக் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. பினாங்குக் கொடிமலையிலும் காட்டோரத்திலும் கைக்கு எட்டுகிறதே என்று பறிக்கவும் முடியாது. காப்புக்காடுகளிலிருந்து எதை எடுக்கவும் 1984 தேசிய வனச் சட்டப்படி அனுமதி வேண்டும், மலைப் பகுதியோ 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆகியிருக்கிறது. என்னைக் கேட்டால், தெரிந்தவர் தோட்டத்தில், அவர் என்ன மருந்து அடிக்கிறார் என்று முகத்துக்கு நேரே கேட்டுத் தெரிந்துகொண்டு, காசு கொடுத்துப் பறியுங்கள். மரம், இடம், தேதி மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

பழத்திலும் சங்கதி இருக்கிறது. ஜாதிக்காயில் சதை அருமையான பொருள், புளிப்பும் வாசனையும் சேர்ந்து வரும். கொட்டையை இடித்துப் போட்டு ஊறவைக்காதீர்கள், அளவு மீறினால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை போகும். பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம் இன்னும் முக்கியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது நரம்பு நஞ்சு. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போய் உயிரே போனதுண்டு. நொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி விற்க வேண்டாம். நம் வீடுகளில் நீரிழிவும் டயாலிசிஸும் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பழத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

தயாரிப்பு முறை பற்றிச் சுருக்கமாக. பூவில் சர்க்கரையும் இல்லை, ஈஸ்டுக்குத் தேவையான சத்தும் இல்லை. லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சர்க்கரை சேர்த்தால் 12 விழுக்காடு ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் வரும், கூடவே ஈஸ்ட் சத்தும், புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் 3.2 முதல் 3.6-க்குள் நிற்கும் அளவுக்குப் புளிப்பும் தேவை. நம் ஊர்ச் சூட்டில் அப்படியே விட்டால் நெடி ஏறும், குளிர்ச்சியான அறை வேண்டும். அந்த அறையிலும் ஓர் ஆபத்து உண்டு. 20 லிட்டர் வைன் நொதித்து முடிவதற்குள் ஏறக்குறைய 1,000 லிட்டர் கரியமில வாயுவை விடும். ஏர்கோன் போட்டுச் சன்னலை அடைத்த பின்னறையில் பத்து டப்பா வைத்தால் அது தரையோடு தேங்கும், உள்ளே போகிறவர் மயங்கி விழலாம். வெளியேற்று விசிறி கட்டாயம். அப்புறம் போத்தல்: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மிஞ்சி மூடிய போத்தலுக்குள் நொதித்தாலே கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும். பழைய சாஸ் போத்தல் இதைத் தாங்காது, வெடித்துக் கண்ணாடி முகத்தில் அடிக்கும். சர்க்கரை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.000-க்குக் கீழே இறங்கிச் சில நாள் அசையாமல் நின்ற பிறகு மூடுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் மறுபடி நொதிக்காமல் தடுக்கும் சல்பைட்டும் சார்பேட்டும் சேர்த்தோ, சூடாக்கிப் பாஸ்டரைஸ் செய்தோதான், சல்பைட் சேர்த்தால் லேபிளில் போடுங்கள், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது.

சட்டத்துக்கு வருவோம். 1976 கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், உரிமம் கொடுப்பது சுங்கத் துறை. "சின்னதாகத்தானே, ஃபேஸ்புக்கில் தெரிந்தவர்களுக்குத்தானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை மலாயில் லேபிளில் இருக்க வேண்டும். ஹலால் சான்றிதழ் உள்ள கூட்டுச் சமையலறையில் இதைத் தொடவே கூடாது. இதையெல்லாம் தொல்லை என்று நினைக்காதீர்கள். ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடையும் சம்சு எனும் மலிவுச் சாராயமும் நம் குடும்பங்களை என்ன செய்தன என்று நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். கெடாவில் 1946, 47-இல் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் நின்று மறியல் செய்தது சும்மா இல்லை. அந்த வரலாறு உள்ள சமூகத்திலிருந்து ஒருவர் மது தயாரிக்க வந்தால், அளவும் தரமும் முறையும் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே இருக்க வேண்டும்.

கடைவீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் சுங்கத் துறையிலும் மாநகர் மன்றத்திலும் அந்த முகவரியில் மது தயாரிக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வர நாளாகும். அதற்குள் ரோசெல்லிலும் ஜாதிக்காய்ச் சதையிலும் மதுவில்லாத சிரப் போட்டுப் பாருங்கள். செடியை அடையாளம் காண்பது, தோட்டக்காரரிடம் பேசுவது, பிஎச் பார்ப்பது, லேபிள் எழுதுவது எல்லாம் அதிலேயே பழகிவிடும்.