மலையில் சிக்கினால் முதலில் நில்லுங்கள்

மதுரையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு மலை என்றால் சதுரகிரி, சிறுமலை, அழகர்மலை, கொஞ்சம் தள்ளிப் போனால் குரங்கணி. அங்கிருந்து அடிபட்டு வருகிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் நிற்க வேண்டிய நேரத்தில் நடந்திருப்பார்கள்.

ஓடையையே எடுத்துக்கொள்ளுங்கள். தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்குப் போகிறவர்கள் ஓடைகளைத் தாண்டித்தான் ஏற வேண்டும். காலையில் பாதம் மட்டும் நனைந்த அதே இடம், மேலே மழை கொட்டினால் சாயங்காலம் ஆளை இழுத்துவிடும். நீங்கள் நிற்கிற இடத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கலாம். அதை நம்பக் கூடாது. தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வந்து, இரைச்சல் கூடினால் உடனே மேடான கரைக்கு ஏறிவிடுங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே போதும், ஆள் நிலைதடுமாறிவிடுவார். 2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்தது. மழை விட்டால் இந்த ஓடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை காத்திருங்கள். வீட்டில் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

வெயிலும் அப்படித்தான். தலைசுற்றல், வாந்தி, கெண்டைக்கால் பிடிப்பு என்று ஆரம்பித்தால் அங்கேயே நிழலில் உட்காருங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று சொல்கிற நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பேச்சு குழறி, ஆள் சம்பந்தமில்லாமல் உளறினால் நிலைமை மோசம். சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். குடிக்கிற தண்ணீராயிற்றே என்று தயங்காதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் ஊற்றவே கூடாது.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி இறக்கி, 108-க்குச் சொல்லுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள், தேவையே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நாங்கள் போடும் மருந்து ஒன்றுதான்.

காட்டுத்தீயில் மட்டும் நிற்காதீர்கள். தீ மேட்டில் வேகமாக ஏறும், அதனால் மேல்நோக்கி ஓடவும் கூடாது. காய்ந்த புல்லை விட்டு விலகி வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரைக்கோ போய்விடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மாட்டியவர்களைச் சுற்றி இருந்தது காய்ந்த புல்தான்.

அப்புறம், வனத்துறை அனுமதி வாங்காமல் ஏறாதீர்கள். யார் யார், எந்த வழியில் போனீர்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரிந்தால்தான் தேடுகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.