ஸ்வாகர் போட்டதோடு வேலை முடியவில்லை, தம்பிமாரே

“டொக்கியுமென்ட் இருக்கு அண்ணா, ஸ்வாகர் போட்டிருக்கிறம், பாருங்கோ.”

ஏபிஐக்கு, அதாவது ஆப்பும் சேர்வரும் பேசிக்கொள்ளும் வழிக்கு, ஆவணம் எங்கே என்று கேட்டால் வரும் இந்தப் பதிலைக் கேட்டவுடனேயே அந்த வேலைக்கு ஒதுக்கிய நேரத்தை இரண்டு மடங்காக்கிக் கொள்கிறேன். திருகோணமலையில் இருந்துகொண்டு மற்றவர்கள் எழுதிய ஏபிஐகளோடு மொபைல் ஆப்களை இணைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மே தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீசன். கெஸ்ட் ஹவுஸ்காரருக்கும், புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்கும், திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிறவர்களுக்கும் அதற்கு முன்னால் ஒரே நேரத்தில் ஒன்லைன் புக்கிங் தேவைப்படும். சேர்வர் பக்கத்தை ஒரு குழு எழுதும், ஆப் பக்கம் என்னிடம் வரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ஸ்வாகர் ஆவணப் பக்கம் மட்டும்தான்.

கடைசியாக வந்ததைத் திறந்தேன். என்ட்பொயின்ட்டுகள், அதாவது ஆப் கூப்பிடும் முகவரிகள், நீலமும் பச்சையுமாக வரிசையில் நிற்கின்றன, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. புக்கிங் போடும் இடத்தை விரித்தால் பதில் என்ற பகுதியில் “200, சக்ஸஸ்”, அதாவது வெற்றி என்ற குறியீடு. அவ்வளவுதான். என்ன வடிவத்தில் பதில் வரும் என்று இல்லை. அறை காலியில்லை என்றால் என்ன வரும் என்று இல்லை. “டைப்” என்று ஒரு முழு எண் கேட்கிறது. 1 என்றால் ஏசி அறையா, 2 என்றால் ஏசி அறையா? எழுதியவரைப் போனில் பிடித்தால், “அது கோட்ல இருக்கு அண்ணா” என்கிறார். அந்தக் கோட் என்னிடம் இல்லையே!

சரி, இதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வாகர் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று, உங்கள் ஏபிஐயை விவரிக்கும் ஒரு ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) கோப்பு. அதன் விதிமுறைக்கு 2016 இலிருந்து ஓப்பன்ஏபிஐ என்று பெயர். இன்னொன்று, அந்தக் கோப்பை வாசித்து அழகாகக் காட்டும் வலைப்பக்கம். பக்கம் அழகாக இருப்பதால் கோப்பில் விஷயம் இருக்கிறது என்று ஆகாது. அந்தக் கோப்பை உருவாக்கும் கருவி, அது சேர்வர் எழுதும் தளங்களான டொட்நெட்டில் ஸ்வாஷ்பக்கிள் ஆகட்டும், ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் ஸ்பிரிங்டொக் ஆகட்டும், உங்கள் கோட்டில் வெளிப்படையாக அறிவித்ததை மட்டுமே எடுக்கும். பாதை என்ன, பராமீட்டரின் பெயர் என்ன, வகை என்ன. நீங்கள் மனதில் வைத்திருப்பதை எடுக்காது. செயற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் “அறை இல்லையென்றால் 409 அனுப்பு” என்ற வரியையும் பெரும்பாலும் எடுக்காது.

டொட்நெட்டில் திருப்பி அனுப்பும் வகையை வெறும் ஐ-அக்‌ஷன்-ரிசல்ட் என்று போட்டுவிட்டால் உள்ளே என்ன வருகிறது என்பது கருவிக்குத் தெரியாது. அக்‌ஷன்-ரிசல்ட்டுக்குள் உங்கள் வகையைக் கொடுங்கள், அல்லது புரொடியூசஸ்-ரெஸ்பொன்ஸ்-டைப் என்ற குறிப்பை ஒவ்வொரு நிலைக் குறியீட்டுக்கும் தனித்தனியே போடுங்கள். பைதனின் ஃபாஸ்ட்ஏபிஐயில் வெறும் டிக்‌ஷனரியைத் திருப்பி அனுப்பாமல் ரெஸ்பொன்ஸ் மொடல் ஒன்றைக் கொடுங்கள். அது தானாகச் சேர்க்கும் பிழை 422 (அனுப்பிய தரவு தவறு) ஒன்றுதான். நீங்களாக எழுப்பும் 404 (காணவில்லை), 409 எல்லாம் ஆவணத்தில் வர வேண்டுமானால் நீங்களேதான் அறிவிக்க வேண்டும். ஆப் எழுதுகிறவனுக்கு 200 ஐவிட இந்தப் பிழைகள்தான் முக்கியம். எல்லாம் சரியாக நடக்கும்போது யாரும் ஆவணத்தைத் தேடுவதில்லை.

கொமென்ட் எழுதியிருக்கிறோம், ஆனால் பக்கத்தில் வரவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. டொட்நெட்டில் மூன்று சாய்கோடு போட்டு எழுதும் கொமென்ட் சும்மா வந்து சேராது. புரொஜெக்ட் கோப்பில் எக்ஸ்எம்எல் ஆவணத்தை உருவாக்கச் சொல்ல வேண்டும், பிறகு அதை வாசிக்கும்படி ஸ்வாஷ்பக்கிளுக்கும் சொல்ல வேண்டும். சொன்னவுடன் 1591 என்ற எச்சரிக்கை மஞ்சள் மஞ்சளாகக் கொட்டும். அதைக் கண்டு பயந்து முழு அமைப்பையும் திரும்ப நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் அடக்க வழி இருக்கிறது, அதைச் செய்யுங்கள். எனம் வகைகள் (தெரிவுகளின் பட்டியல்) 0, 1, 2 என்று எண்களாகவே வெளியே வருகின்றனவா? பெயர்களாக அனுப்பும் ஜேசன் மாற்றியை ஒரு வரியில் சேர்த்தால் போதும், “டைப் 2 என்றால் என்ன” என்ற போன் அழைப்பு மிச்சம்.

அடுத்தது வகைகள். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான், ஏனென்றால் இது கடைசியில் விருந்தாளியின் தலையில் விழுகிறது. செக்-இன் திகதியை நேரத்தோடு சேர்ந்த வகையில் வைத்திருந்தார்கள். இலங்கை நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் போவது. ஜூலை 12 நள்ளிரவு 12 மணி என்று போனில் தெரிவுசெய்தால், யூடிசிக்கு மாறும்போது அது ஜூலை 11 மாலை 6.30. சேர்வர் திகதியை மட்டும் வெட்டி எடுத்துவைக்கிறது. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து காலையில் பையோடு நிற்கிற குடும்பத்துக்கு அறை முதல்நாளே பதிவாகி, வராததால் கழிந்தும் போயிருக்கும். செக்-இன் என்பது ஒரு நாள். அதற்கு நேரமே தேவையில்லை. டொட்நெட்டில் டேட்-ஒன்லி, ஜாவாவில் லோக்கல்-டேட், பைதனில் டேட் என்று போட்டால் ஆவணத்திலும் “டேட்” என்றே வரும், ஆப்காரனுக்கும் குழப்பம் இராது. படகு புறப்படும் நேரம் வேறு விஷயம். அங்கே நேரமும் வேண்டும், +05:30 என்ற வித்தியாசமும் வேண்டும்.

தொலைபேசி எண்ணை முழு எண்ணாக வைக்காதீர்கள். நம்முடைய 026 இன் முன்னால் உள்ள பூச்சியம் அப்படியே காணாமல் போகும். தேசிய அடையாள அட்டை இலக்கம் இன்னும் மோசம். பழையதில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் வி அல்லது எக்ஸ் எழுத்து வரும், புதியது பன்னிரண்டு இலக்கம், 32 பிட் முழு எண்ணுக்குள் அடங்காது. இரண்டையும் எழுத்துச்சரமாக வையுங்கள், அனுமதிக்கும் வடிவத்தை விதியாகவே ஆவணத்தில் எழுதுங்கள். விலைக்குப் பக்கத்தில் நாணயம் என்ன என்று ஒரு புலம் வையுங்கள். வெளிநாட்டுக்காரருக்கு டொலரில் சொல்லி உள்ளூர்க்காரருக்கு ரூபாயில் சொல்லும் ஊர் இது. வெறும் 45 என்று வந்தால் நான் எதைக் காட்டுவது?

உதாரணத் தரவு பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் உதாரணம் என்று காட்டியது ஓர் உண்மையான விருந்தாளியின் பெயரும் பாஸ்போர்ட் இலக்கமும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், பக்கமோ உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக்கூடாது. உதாரணத்துக்குப் பொய்யான பெயரும் பொய்யான இலக்கமும் எழுத ஒரு நிமிடம் போகுமா?

இனிப் பூட்டு. ஸ்வாகர் பக்கத்தில் என்ட்பொயின்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் வரும். “ஆத் எல்லாம் போட்டாச்சு அண்ணா, பூட்டு வருது பாருங்கோ” என்றார் ஒரு தங்கச்சி. டோக்கன் (நுழைவு அனுமதிச் சீட்டு) இல்லாமல் கூப்பிட்டுப் பார்த்தேன், எல்லாப் புக்கிங்கும் கொட்டியது. ஆவணத்தில் பாதுகாப்பு முறையை அறிவிப்பது வேறு, கோட்டில் அதைச் சரிபார்ப்பது வேறு. முதலாவதை மட்டும் செய்வது கதவில் பூட்டின் படத்தை வரைந்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. டொட்நெட்டில் ஆவண அமைப்பில் ஒரே இடத்தில் சொன்னால் எல்லாவற்றுக்கும் பூட்டு வந்துவிடும், கொன்ட்ரோலரில் ஓத்தரைஸ் குறிப்பு இல்லாவிட்டாலும் வரும். ஃபாஸ்ட்ஏபிஐயின் ஓ-ஆத்-2 பேரர் வகுப்பு கொஞ்சம் பரவாயில்லை, டோக்கன் இல்லையென்றால் 401 என்ற மறுப்பைக் கொடுக்கும். ஆனால் அது பார்ப்பது கோரிக்கையின் தலைப்பில் டோக்கன் என்று ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும்தான். அது செல்லுமா என்று பார்ப்பது உங்கள் வேலை. “பேரர் அப்பளம்” என்று அனுப்பினாலும் உள்ளே விடும்.

இதற்கு நேரெதிரான இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: ஆவணப் பக்கத்தை மறைத்துவிட்டால் ஏபிஐ பத்திரமாகிவிடுமாம். ஆகாது. பாதைகளை ஆப்பின் போக்குவரத்தைப் பார்த்தே எடுத்துவிடலாம். நேரடிச் சேர்வரில் பக்கத்தை மூடுவது நல்ல பழக்கம்தான், நானும் மூடத்தான் சொல்கிறேன். மூடுவதானால் ஒழுங்காக மூடுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐயில் டாக்ஸ் பக்கத்தை மட்டும் நிறுத்தினால் ஓப்பன்ஏபிஐ ஜேசன் கோப்பு அதே இடத்தில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும். அந்தக் கோப்பின் முகவரியை நிறுத்தினால் பக்கமும் சேர்ந்தே நிற்கும். ஸ்பிரிங்டொக்கிலும் இதே கதைதான், பக்கத்துக்கு ஓர் அமைப்பு, கோப்புக்கு வேறோர் அமைப்பு. டொட்நெட்டில் பழைய மாதிரிக் கோட்டே டெவலப்மென்ட் சூழலில் மட்டும்தான் ஸ்வாகரைத் திறக்கும். சேர்வரில் பக்கம் வரவில்லை என்று சூழல் மாறியையே டெவலப்மென்ட் ஆக்கிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிழை வரும்போது உள்விவரம் முழுக்க வெளியே தெரியும் பக்கமும் சேர்ந்து திறக்கும். தயவுசெய்து வேண்டாம். ஆப் எழுதுகிறவர்களுக்குத் தேவையென்றால் ஒரு பரீட்சார்த்தச் சேர்வரில் கடவுச்சொல்லோடு திறந்து வையுங்கள்.

நிர்வாகிக்கு மட்டுமான என்ட்பொயின்ட்டுகளைத் தனி ஆவணமாகப் பிரிக்கலாம், எல்லாக் கருவியிலும் அதற்கு வசதி உண்டு. எனக்கு வந்த பக்கத்தில் “எல்லாப் புக்கிங்கையும் அழி” என்ற ஒன்று விருந்தாளிக்கான பகுதிக்கு நடுவில் சிவப்பு நிறத்தில், “ட்ரை இட் அவுட்” பொத்தானோடு இருந்தது. அமத்தி மட்டும் பார்க்கவில்லை!

புரொக்சிக்கு (இடையில் நிற்கும் சேர்வருக்கு) பின்னால் ஓடும்போது பக்கம் திறக்கிறது, பொத்தானை அமத்தினால் மட்டும் வேலை செய்யவில்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் விவரம் உள்ளே போகாததுதான். முன்னனுப்பும் தலைப்புகளை என்ஜின்எக்ஸ் போன்ற அந்தப் புரொக்சியிலும் செயலியிலும் சரிசெய்யுங்கள். ஹோட்டலின் உள் வலையமைப்பில் மட்டும் ஓடும் ஃபாஸ்ட்ஏபிஐ என்றால் இன்னொன்று: அதன் டாக்ஸ் பக்கம் தனக்குத் தேவையான கோப்புகளை இணையத்திலிருந்து எடுக்கும். மழைக்காலத்தில் இணைப்பு விழுந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான். அந்தக் கோப்புகளை உங்கள் சேர்வரிலேயே வையுங்கள்.

பழைய பாடங்களைப் பார்த்து ஒட்டுவதையும் விடுங்கள். ஸ்பிரிங்குக்கான பழைய கருவியான ஸ்பிரிங்ஃபொக்ஸ் 2020 க்குப் பிறகு புதுப் பதிப்புக் காணவில்லை. ஸ்பிரிங் பூட் 3 இல் அது ஓடாது, ஸ்பிரிங்டொக்குக்கு மாறுங்கள். டொட்நெட் 9 இன் மாதிரிப் புரொஜெக்ட்டில் ஸ்வாஷ்பக்கிள் இல்லை, மைக்ரோசொஃப்டின் சொந்த ஓப்பன்ஏபிஐ பொதி இருக்கிறது. அது கோப்பை மட்டும் தரும், பக்கம் வேண்டுமானால் நீங்கள் சேர்க்க வேண்டும். “ஸ்வாகர் காணாமல் போச்சு அண்ணா” என்று வரும் அழைப்புகளில் பாதி இதுதான்.

ஒவ்வொரு என்ட்பொயின்ட்டுக்கும் ஒப்பரேஷன் ஐடியை, அதாவது அதன் தனிப் பெயரை, நீங்களே வையுங்கள். நான் அந்தக் கோப்பிலிருந்துதான் ஆப்புக்கான கோட்டை உருவாக்குகிறேன். நீங்கள் வைக்காவிட்டால் ஃபாஸ்ட்ஏபிஐ போன்றது ஃபங்ஷனின் பெயரையும் பாதையையும் முறையையும் ஒட்டி முழ நீளத்தில் ஒரு பெயர் வைக்கும், நீங்கள் உள்ளே ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் என் பக்கம் உடையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஜேசன் கோப்பைக் கிட்டில் (கோட் மாற்றங்களைச் சேமிக்கும் கருவியில்) சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் அதில் என்ன மாறியது என்று பாருங்கள். ஸ்பெக்ட்ரல் போன்ற சரிபார்ப்புக் கருவி ஒன்றை ஓடவிட்டால் விளக்கமில்லாத இடங்களை அதுவே காட்டிக்கொடுக்கும். பிறகு உங்கள் கோட்டைப் பார்த்தேயிராத ஒரு நண்பரிடம் இணைப்பை மட்டும் கொடுத்து, ஓர் அறையைப் பதிந்து, அதை மாற்றி, ரத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தில் எழுத வேண்டிய ஒரு வரி. இதையெல்லாம் மார்ச்சில் முடித்து அனுப்பினால் ஏப்ரல் முழுக்க நிம்மதியாகப் பரிசோதிக்கலாம். ஏப்ரல் 30 இரவு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி “நாளைக்கு லைவ் போகோணும் அண்ணா” என்றால் நான் போன் எடுக்க மாட்டேன்.