சராசரியை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

போன வாரம் 16 வயதுக்கு உட்பட்டோர் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளை விட்டதும் பாயிண்ட் கார்டு (பந்தை முன்னால் கொண்டுபோகிறவனின் இடம்) ஆடும் பையன் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக என்னிடம் வந்து தாளை எட்டிப் பார்த்தான். "அண்ணா, நான் எத்தனை பாயிண்ட்?" ஒன்பது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அவன் கொடுத்த பாஸில் ஆறு கூடைகள் விழுந்திருந்தன, அணி 11 புள்ளி முன்னால் இருந்தது. அதையெல்லாம் அவன் கேட்கவே இல்லை. இரண்டாம் பாதியில் வலது மூலையில் ஒருவன் யாரும் மறிக்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இவன் அந்தப் பக்கம் திரும்பாமல் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெகு வெளியிலிருந்து வீசிக்கொண்டே இருந்தான். எட்டு வீச்சு, ஒன்றுதான் உள்ளே.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) நட்சத்திரங்களில் ஸ்டெஃபன் கரியா, மேஜிக் ஜான்சனா, யார் சிறந்த பாயிண்ட் கார்டு என்று அணிக்குள் ஒரு வாரமாகச் சண்டையாம். இவன் கரி கட்சி. மூலையில் கை தூக்கி நின்றவன் மேஜிக் கட்சி.

ஆட்டப் புள்ளிவிவரம் குறிப்பதுதான் எனக்குப் பல வருட வேலை. இந்தக் கூத்தை எத்தனை முறை பார்த்தாயிற்று! விவாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே விடிய விடிய வாதாடுகிறவன்தான். என்னை எரிச்சலூட்டுவது ஒன்றே ஒன்று: "அவருக்கு சராசரி இத்தனை, இவருக்கு இத்தனை, முடிந்தது கதை" என்கிற பேச்சு.

முடியவில்லை. என்.பி.ஏ.வின் 1961–62 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அதே பருவத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (கூடை விழக் கொடுத்த பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது? 18.9 புள்ளி எடுத்த பில் ரஸ்ஸலுக்கு. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. சேம்பர்லினிடமும் ரஸ்ஸலிடமும் களத்தில் அடி வாங்கியவர்கள் அவர்கள். யார் எதிரில் நின்றால் ஆடுவது கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியாதா?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 107 ஷாட்டுக்கு மேல் வீசியது. இப்போதெல்லாம் 90-ஐ ஒட்டித்தான் வீசுகிறார்கள். அன்று வீசியதில் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. ஷாட் அதிகம், தவறுவதும் அதிகம் என்றால் பொறுக்க வேண்டிய ரீபவுண்டும் அதிகம்தானே? போதாததற்கு, 48 நிமிட ஆட்டத்தில் சேம்பர்லினின் சராசரி 48.5 நிமிடம். கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஆடினார், உட்காரவே இல்லை! அவர் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த 50.4-ஐ இன்றைக்கு 34 நிமிடம் ஆடுகிறவரின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பது கணக்கே இல்லை. ஒப்பிட வேண்டுமானால், பந்து அணியின் கையில் இருந்த 100 வாய்ப்புக்கு எத்தனை என்று பாருங்கள். அதை எடுக்க எத்தனை வீச்சு செலவானது என்றும் பாருங்கள். 28 வீச்சில் 30 புள்ளி எடுத்தவனைவிட 15 வீச்சில் 24 எடுத்தவனைத்தான் பயிற்சியாளர் தேடுவார்.

மேசைக்குப் பின்னால் இருப்பவன் என்ற முறையில் ஒரு ரகசியமும் சொல்கிறேன். அசிஸ்ட் என்பது நாங்கள் கண நேரத்தில் எடுக்கும் முடிவு. பாஸ் வாங்கியவன் பந்தை இரண்டு முறை தட்டி, ஓர் ஆளை ஏமாற்றிவிட்டுப் போட்டால் அது அசிஸ்ட்டா? ஒரு மேசை ஆமாம் என்னும், இன்னொரு மேசை இல்லை என்னும். என்.பி.ஏ.வில் பிளாக்கையும் (வீசிய பந்தைக் கூடைக்குப் போகவிடாமல் தட்டுவது) ஸ்டீலையும் (பந்தைப் பறிப்பது) அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973–74-இல்தான். அதற்கு முன்பே ஆடி முடித்த ரஸ்ஸலின் பெரிய ஆயுதமே பிளாக். அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

சாம்பியன் அணிக்குக் கிடைக்கும் மோதிரத்தை எண்ணி ஆளை அளக்கிற கட்சிக்கு ஒரு வரி போதும்: நட்சத்திரமாக இல்லாத ராபர்ட் ஹோரியிடம் ஏழு, மாபெரும் பாயிண்ட் கார்டு ஜான் ஸ்டாக்டனிடம் ஒன்றுகூட இல்லை.

சரி, "அந்த இடத்தில் யார் சிறந்தவர்" என்கிறீர்களே, களத்தில் யாருக்கு எந்த இடம்? 1980 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் மேஜிக் அணியின் சென்டர் (கூடைக்கு அருகில் நிற்பவர்) கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் காயத்தால் ஆட முடியவில்லை. சென்டர் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியவர் பாயிண்ட் கார்டான 20 வயது மேஜிக். 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், கோப்பை. இந்தப் பக்கம் சென்டர் என்று எழுதப்படும் நிகோலா யோகிச், 2024–25-இல் ஆட்டத்துக்கு 10-க்கு மேல் அசிஸ்ட். இடத்தைக் கட்டம் போட்டுப் பிரித்ததில் வந்த வம்பையும் பார்த்தோம். 2023-இல், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களை இடவாரியாக முதல் அணி, இரண்டாம் அணி என்று தேர்ந்தெடுத்தபோது, ஜோயல் எம்பீட் முதல் அணியின் சென்டர் ஆனதால் யோகிச் இரண்டாம் அணிக்குப் போனார். அடுத்த மாதமே கோப்பையோடு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். அடுத்த பருவத்திலிருந்து அந்தத் தேர்வில் இடப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே வாயைத் திறக்கும் முன், அந்த இடத்தில் நிற்பவனுக்கு என்ன வேலை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். பந்தைக் கொண்டுபோய் மற்றவரை ஆடவைப்பதா, எதிரணியின் தடுப்பை இழுத்து விரிப்பதா? முதலாவது என்றால் மேஜிக் பக்கம் சாயும், இரண்டாவது என்றால் கரி பக்கம். 2015–16-இல் அவர் போட்டது 402 த்ரீ பாயிண்டர். அவரை மறிக்க ஆட்கள் கோட்டைத் தாண்டி ஓடிவர வேண்டியிருந்தது, பின்னால் கூடை திறந்து கிடந்தது. இந்தப் பலன் அவர் சராசரியில் வராது, சக ஆட்டக்காரர்களின் சராசரியில் வரும். பந்து கையில் இல்லாதபோது அவர் ஓடுவதைப் பத்து நிமிடம் பாருங்கள். துண்டு வீடியோ பார்த்துவிட்டு வாதாட வராதீர்கள், அதில் தவறிய ஷாட் ஒன்றுகூட இருக்காது.

பெற்றோரிடம் கெஞ்சியே கேட்கிறேன்: ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் முதல் கேள்வியாக "எத்தனை பாயிண்ட்?" வேண்டாம். "யாரை மறித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சியாளர்களே, அணிக்குள் கட்சி பிரிந்தால் இரண்டு கட்சித் தலைவர்களையும் ஒரே ஜோடியாகப் பாஸ் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

நான் என் பங்குக்கு, இனி இடைவேளையில் தாளைக் கவிழ்த்து வைக்கப் போகிறேன். எட்டிப் பார்க்க வருகிறவனுக்கு டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழந்தது) எண்ணிக்கையை மட்டும் சொல்வேன்.