மூச்சு விடும் இடமெல்லாம் காற்புள்ளி இல்லை

"மூச்சு விடுகிற இடத்தில் காற்புள்ளி போடு" என்றுதான் நானும் பல வருடம் வகுப்பில் சொல்லிவந்தேன். அது தப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூச்சு ஒவ்வோர் இடத்தில் வாங்கும், அதனால் கட்டுரை நோட்டில் காற்புள்ளி கண்ட இடத்தில் விழுந்து கிடக்கும். நாமும் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவோம், ஏன் தவறு என்பது பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது.

"நான் வீட்டுக்குப் போனபோது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்." இப்படி எழுதுகிற மாணவனுக்கு முற்றுப்புள்ளியைப் பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை. 'போனபோது' இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கிற சொல் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதனால் இப்போது கலவை வாக்கியம் நடத்தும்போது முதலில் வாக்கியத்தை முடிக்கிற வினைமுற்றை வட்டமிடச் சொல்கிறேன். அப்புறம் இப்படிக் காத்து நிற்கிற ஒவ்வோர் எச்சத்திலிருந்தும் அது போய் முடிகிற சொல்லுக்கு ஓர் அம்பு. குறிகள் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் கரும்பலகையில் "பரிசு வாங்கிய மாணவனின் அக்கா வந்தார்" என்று எழுதி, பரிசு யாருக்கு என்று கேட்டேன். மாணவனுக்கு என்றார்கள். 'வாங்கிய' என்பதன் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சட்டென்று, "இப்போ அக்காவுக்கு, டீச்சர்" என்றாள். 'வாங்கிய' என்ற பெயரெச்சம் பக்கத்துப் பெயரைத் தாண்டி அடுத்ததைத் தழுவுகிறது என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் "மணி அடித்து மாணவர்கள் வெளியே ஓடினார்கள்" என்பதைக் காற்புள்ளி காப்பாற்றாது. மணியையும் மாணவர்களே அடித்த மாதிரி ஆகிறது. செய்து ('அடித்து' இந்த வகை), செய்யூ, செய்பு என்ற மூன்று வினையெச்ச வடிவங்களும் வினைமுதலின், அதாவது அந்த வேலையைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. 'மணி அடித்ததும்' என்றால் சரி. ('மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோமே என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும், காரணமும் விளைவுமாக வரும்போது வழக்கு அதை ஏற்கிறது.)

பயிற்சிக்கு மூன்று தனி வாக்கியங்கள் கொடுப்பேன்: பஸ் வரவில்லை. நான் நடந்தேன். கால் வலித்தது. ஒன்றாக்க வேண்டும், 'அதனால்' வரக் கூடாது. "பஸ் வராததால் நடந்து வந்த எனக்குக் கால் வலித்தது" என்று ஒருவன் எழுதிக் காட்டினான். காற்புள்ளி எங்கே என்று கேட்டேன். அம்புகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தேவைப்படவில்லை" என்றான்.