பிள்ளைக்கு ரோமானியக் காசு வாங்குகிறீர்களா?

பழைய நாணயங்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் தொழில். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் சிலர், பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தர ரோமானியக் காசு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். நான்காம் நூற்றாண்டில், ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் ஆண்ட காலத்தில், வெண்கலச் சில்லறை கணக்கில்லாமல் அடிக்கப்பட்டது. பானை பானையாகப் புதைத்தும் வைத்தார்கள். அதனால் சாதாரணக் காசு இன்றும் பத்து, இருபது டாலருக்குக் கிடைக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஓநாய்க் காசு. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) புதிய தலைநகராக 330-இல் திறக்கப்பட்டதை ஒட்டி, பழைய ரோமைச் சிறப்பித்து அடித்தது. முகப்பில் தலைக்கவசத்தோடு ரோமா தேவி. பின்பக்கம் ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய். அடியில் இருக்கும் சின்ன எழுத்துகள் அதை அடித்த அக்கசாலையைக் காட்டும். ஒரு காசு இன்றைய ஜெர்மனியின் ட்ரியரில் அடித்தது, இன்னொன்று துருக்கியின் அந்தாக்கியாவில் அடித்தது என்று பிள்ளையே கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்துவிடும். பேரரசு எவ்வளவு பெரியது என்பதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

நான் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பது, மண்ணோடு மொத்தமாக விற்கும் 'சுத்தம் செய்யாத காசு'ப் பைகளை. சுரண்டிப் பார்த்து அரசரைக் கண்டுபிடிப்பது பிள்ளைக்கு விளையாட்டாக இருக்கும், விலையும் மலிவு. ஆனால் இப்படி வருபவற்றில் பல, பால்கன் நாடுகளில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டியவை. ஒரு வீட்டின் தரைக்கு அடியில் காசு இருந்தால், அந்தக் காசு அடித்த பிறகுதான் அந்தத் தரை போடப்பட்டது என்று தொல்லியலாளர் சொல்லிவிடுவார். திருடன் அதை உருவி எடுத்த நிமிடமே அந்தச் சாட்சி அழிந்துபோகிறது. வரலாறு சொல்லித்தரத்தான் வாங்குகிறோம். அந்த வரலாற்றை அழித்து எடுத்ததை எப்படி வாங்குவது?

அதனால் ஒரே ஒரு காசு வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பழைய சேகரிப்பின் சீட்டு இருந்தால் நல்லது. இங்கிலாந்தில் கிடைத்ததென்றால், பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் அங்குள்ள போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமில் பதிந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். போலியும் உண்டு: விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடினாலோ, இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே குழி இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், பித்தளைச் சொம்பு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, வினிகரும் அப்படித்தான். எழுத்தும் முகமும் அந்தக் கரும்பச்சைப் படலத்தில்தான் பிழைத்திருக்கின்றன. அமிலம் பட்டால் அதோடு போய்விடும். என்னிடம் வருகிற கெட்டுப்போன காசுகளில் பல இப்படிக் கெட்டவைதான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நன்றாக உலர்த்தினால் போதும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது உலோகத்தை அரிக்கும் உப்பு. மற்ற காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிள்ளையைக் கை கழுவச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு விஷயம் வேறு. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைப்பது பலருக்குத் தெரியும். மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 'ஆத்துல கிடைச்சது சார்' என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். பிள்ளையை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், ரோமானிய நாணயங்கள் அங்கே சேகரிப்பில் உண்டு. போகும் வழியில் புதுக்கோட்டைப் புதையலைச் சொல்லுங்கள்: 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளி வெட்டு இருந்தது. ஏன் வெட்டினார்கள் என்று பிள்ளையையே யோசிக்க விடுங்கள்.